மதிலோரத்து வரிசை

பியூலா மெண்டன்ஹால் கடைசிக் காலத்தில் சர்க்கரை தொடுவதில்லை. கரும்புச் சர்க்கரையை வில்லோ ரன் கிராமத்தில் யாருமே தொடமாட்டார்கள். அது தெற்கே அடிமைகளை அடித்து வேலை வாங்கிச் செய்த சர்க்கரை. அந்த ஊரார் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையார், அவர்கள் வீட்டு வாசலை அது மிதிக்கக் கூடாது. பியூலா அதோடு நிற்கவில்லை. மேப்பிள் மரத்துப் பாலைக் காய்ச்சி எடுத்த சர்க்கரையையும் ஒதுக்கிவிட்டாள். அதில் சாட்டையும் இல்லை, யார் கண்ணீரும் இல்லை, அதைப் போய் ஏன் வேண்டாம் என்கிறாய் என்று பெண்கள் கேட்டால் "குமட்டுது" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வயதாகிவிட்டது, வயிறு கெட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வயிறெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

முன்பு அவள் இப்படி வெடுக்கென்று பேசுகிறவளே இல்லை. நெசவுக்காரர் வீட்டில் ஆறாவது பெண்ணாகப் பிறந்து, இருக்கிற இடம் தெரியாமல் வளர்ந்தவள். ஜெஸ்ஸி மெண்டன்ஹாலைக் கட்டிக்கொண்டாள். பாதிரியார் இல்லை, மோதிரம் இல்லை. குவேக்கர்கள் மௌனமாக உட்கார்ந்து தொழும் கூட்ட வீட்டில் எல்லோர் முன்னாலும் இரண்டு பேரும் எழுந்து நின்று ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள், கல்யாணம் முடிந்தது. ஜெஸ்ஸிதான் கூட்ட வீட்டுக்குக் காவல். தரை கூட்டுவது, கணப்பு மூட்டுவது, ஆள் செத்தால் குழி வெட்டுவது எல்லாம் அவன் வேலை. அவன் போன பிறகு அந்த வேலையும், குதிரைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீடும் பியூலாவிடம் வந்தன. குழி வெட்டக் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டாள். இடம் காட்டுவது அவள். செத்த பெண்களைக் குளிப்பாட்டித் துணி சுற்றுவதும் அவள்தான்.

அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு கர்வம் இருந்தது. அது அந்த இடுகாட்டு வரிசை. குவேக்கர் இடுகாட்டில் கல் கிடையாது, பெயர் கிடையாது, குடும்பத்துக்கென்று தனி மூலையும் கிடையாது. அடுத்து யார் சாகிறார்களோ அவர்களுக்கு அடுத்த இடம். மில் முதலாளிக்குப் பக்கத்தில் கடன்காரக் குடிகாரன், நீதிபதியின் விதவைக்குப் பக்கத்தில் கோழி திருடியவள். பியூலாவின் இரண்டு குழந்தைகளும் ஜெஸ்ஸியும் அந்த வரிசையில்தான் எங்கேயோ யார் யாருக்கோ நடுவில் கிடந்தார்கள். மனிதர்கள் எத்தனை பொய் சொன்னாலும் இந்த வரிசை பொய் சொல்லாது என்று அவள் நம்பினாள். கூட்ட வீட்டில் கண்ணை மூடி மௌனமாக உட்காரும்போது மற்றவர்களுக்கு உள்ளொளி தெரிந்ததோ என்னவோ, பியூலாவுக்கு அந்த வரிசைதான் தெரியும்.

சபீனா அவளுக்குப் பழக்கமானது பிணங்களை வைத்துத்தான். கனமான உடம்பாக இருந்தால் புரட்டுவதற்கு இன்னொரு ஜோடிக் கை வேண்டும். கூட்டத்து மூப்பர் இனோக் யார்னல் வீட்டிலிருந்து சபீனாவை அனுப்புவார்கள். கறுப்பினப் பெண், அந்த வீட்டு அடுப்படியிலேயே பிறந்து வளர்ந்தவள். இனோக் யார்னலின் தாத்தா சபீனாவின் பாட்டியை விலை கொடுத்து வாங்கியவர். ஆமாம், அந்தக் காலத்தில் குவேக்கர்களும் வாங்கினார்கள். பிறகு கூட்டம் கூடி, அடிமை வைத்திருப்பவன் நம்மவன் இல்லை என்று அழுத்திச் சொன்னதும் தாத்தா அவளை விடுதலை செய்தார். விடுதலையான மறுநாளும் அவள் அதே அடுப்பைத்தான் மூட்டினாள். பேத்தியும் அதே அடுப்பு.

சபீனாவுக்கு மௌனம் பிடித்திருந்தது. வாரம் தவறாமல் கூட்டத்துக்கு வந்து, மாடிப்படிக்குக் கீழே அவளைப் போன்றவர்களுக்கென்று போட்டிருந்த பலகையில் உட்காருவாள். குவேக்கர்கள் கவர்னரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள், கடவுளுக்கு முன்னால் பெரியவன் சின்னவன் இல்லை என்பதால். சபீனாவும் எல்லோரையும் நீ என்றாள். அவள் வாயிலிருந்து வரும்போது மட்டும் சிலருக்கு நெற்றி சுருங்கும். என்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் கேட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வருஷமும் அவள் ஆத்துமாவைச் சோதிக்க மூன்று பேர் யார்னல் வீட்டு அடுப்படிக்குப் போவார்கள். அவள் சுட்ட ஆப்பிள் பை என்ற பலகாரத்தைத் தின்பார்கள். மென்மையான உள்ளம் என்று வந்து சொல்வார்கள். பிறகு மாதக் கூட்டத்தில் எழுத்தர் ஏசா எழுந்து, ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை, வழி இன்னும் திறக்கவில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார். குவேக்கர்களிடம் ஓட்டு கிடையாது. எல்லோருக்கும் மனம் ஒப்ப வேண்டும். ஒருவருக்கு ஒப்பாவிட்டாலும் காரியம் நின்றுவிடும். அந்த ஒருவர் யார் என்று கேட்பது நாகரிகம் இல்லை. ஆப்பிள் பை மட்டும் ஒன்பது வருஷமும் நன்றாக இருந்தது.

ஒருநாள் ஒரு கிழவியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சபீனா கேட்டாள்.

"பியூலா, நான் போனா என்னையும் வரிசையில வைப்பியா?"

"பின்ன எங்க வைப்பாங்க? மரத்து மேலயா?"

"மதிலோரம் எடம் நெறைய கெடக்கே."

"அது கூட்டத்துலேர்ந்து நீக்கி வெச்சவங்களுக்கு. நீ முப்பது வருஷமா எங்களோட உக்காந்தவ."

"மாடிப்படிக்குக் கீழ."

பியூலாவின் முகம் வாடியது. கிழவியின் கையை மடக்கி மார்பின்மேல் வைத்தாள்.

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காத," என்றாள் சபீனா. "உயிரோட இருக்கறப்ப எங்க வேணா உக்காரலாம், எந்திரிச்சுப் போயிடலாம். படுத்தா எந்திரிக்க முடியாது பாரு. அதான் கேக்கறேன். உங்க ஆளுங்க சத்தியம் பண்ண மாட்டாங்க, சரின்னா சரிதானே?"

"சரி. வைப்பேன்."

"அப்ப இந்தக் காலைப் பிடி."

அடுத்த குளிர்காலம், ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. யார்னல் வீட்டு அம்மாள் லெட்டீஷியா பல வருஷமாகப் படுத்த படுக்கை. எப்போது வேண்டுமானாலும் போவாள் என்று ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கி, கழுவி, ஊட்டிக்கொண்டிருந்த சபீனா மார்புச் சளி கண்டு முந்திக்கொண்டாள்.

பியூலா போய் அவளைக் குளிப்பாட்டினாள். அந்த முறை புரட்டுவதற்கு இன்னொரு ஜோடிக் கை இல்லை. திரும்பி வந்து வரிசையின் கடைசியில் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தபோது இனோக் யார்னலும் எழுத்தர் ஏசாவும் வந்தார்கள்.

இனோக் யார்னலை மாவட்டம் முழுக்கத் தெரியும். பஞ்சுத் துணி உடுத்தமாட்டார், அது அடிமைகள் பறித்த பஞ்சு என்பதால். வெயில் காலத்திலும் கம்பளியும் சணல்நூல் சட்டையுமாக வியர்த்து வடிவார். தப்பி வரும் அடிமைகளைத் தன் தானியக் கொட்டகையில் படுக்கவைத்து வடக்கே அனுப்பியிருக்கிறார், அது பொய்யில்லை. அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் அவர் பேசினால் பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். குரல் வெண்ணெய். யார் வீட்டில் தேநீர் குடித்தாலும், சர்க்கரை சுத்தமானதுதானே என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் குடிப்பார்.

"பியூலா, சபீனாவுக்கு மதிலோரம் நல்ல எடமாப் பாத்து வெச்சிருக்கேன்," என்றார். "சசாஃப்ராஸ் மரத்தடி. வசந்தத்துல அழகா இருக்கும்."

"வரிசையில எடம் இருக்கே, இனோக்."

"இருக்கு. ஆனா அவ உறுப்பினர் இல்லையே."

"நீங்க சேத்துக்கல."

"வழி தெறக்கல," என்றார் ஏசா, தரையைப் பார்த்து.

"போன வருஷம் தகர சாமான் விக்க வந்தவன் இங்க வந்து செத்தானே, அவனை வரிசையிலதானே வெச்சோம்? அவன் எந்தக் கூட்டத்து உறுப்பினர்? ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னே அவனுக்குத் தெரியாது."

"அது வேற, பியூலா."

"எப்படி வேற?"

இனோக் ஒரு அடி நெருங்கி வந்தார். பிறகு அந்த வெண்ணெய்க் குரலை இன்னும் இளக்கிக்கொண்டு, "லெட்டீஷியா ரொம்ப நாள் தாங்கமாட்டா. இந்த எடத்துல சபீனாவை வெச்சா அவ பக்கத்துல லெட்டீஷியாதான் வருவா. இதை வேற யார்கிட்டயும் சொல்லமாட்டேன், உன்கிட்ட சொல்றேன். எனக்கு மனசு ஒப்பல," என்றார்.

மனசு ஒப்பல. ஒன்பது வருஷமாகப் பெயர் சொல்லாமல் இருந்த அந்த ஒருவர் யார் என்று அப்போது பியூலாவுக்குத் தெரிந்துபோயிற்று. இவர் சட்டையில் ஒரு பஞ்சு நூல் கிடையாது.

"நான் அங்க எடம் காட்ட மாட்டேன்," என்றாள். அவள் வாழ்க்கையில் ஒரு மூப்பரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம், உனக்குக் கஷ்டம் வேண்டாம்," என்றார் இனோக் கனிவாக. "என் பண்ணை ஆளுங்க வெட்டிடுவாங்க."

வெட்டினார்கள். முட்செடிகளைக் கொத்தி ஒதுக்கிவிட்டு, மதிலை ஒட்டி. சபீனாவின் அண்ணன் ரூபன் மலைமேல் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவர். கை முழுக்கச் சுண்ணாம்பு தின்ற வெள்ளைத் தழும்புகள். குழி மூடிய பிறகு எல்லோரும் மௌனமாகக் கலைந்தார்கள். அவர் மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பியூலா பக்கத்தில் போனாள்.

"ரூபன், நான் அவகிட்ட வார்த்தை கொடுத்திருந்தேன்."

"தெரியும்மா. சொல்லியிருக்கா."

"என்னை நீன்னே கூப்பிடு. அதான் எங்க வழக்கம்."

"உங்க வழக்கம் உங்களோட இருக்கட்டும்மா. வெள்ளைக்காரங்களை நீன்னு கூப்பிட்டு ஒதை வாங்கினவன் நான், எனக்குக் கட்டுப்படி ஆகாது." அவர் மதிலைப் பார்த்தார். "எங்க கோயில்ல எடம் கொடுத்தாங்க. பாட்டு, அழுகை, சாப்பாடுன்னு ஜம்முனு அனுப்பியிருப்போம். இவதான் பிடிவாதம். 'நான் இவங்களோட உக்காந்தவ, இவங்களோடதான் படுப்பேன்'னா. பாருங்க, படுத்துட்டா."

"வேணும்னா இப்பவும் உங்க கோயிலுக்கு..."

"வேண்டாம். இங்கயே கெடக்கட்டும். வாரா வாரம் உங்க பெரிய மனுசங்க வண்டி இந்த மதிலைத் தாண்டித்தானே போவணும்? போவட்டும்." மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்க ஒண்ணும் அழுவ வேண்டாம்மா. அழுது முடிச்சா உங்களுக்கு மனசு லேசாயிடும். அது நல்லதில்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பியூலா அழவில்லை. மண் இறுகுவதற்குள் சபீனாவை வரிசைக்கு மாற்றிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவள் மண்டைக்குள் ஓடியது. இனோக்கை மடக்கக்கூடிய ஆள் ஒருத்திதான். மறுநாள் லெட்டீஷியாவைப் பார்க்கப் போனாள்.

லெட்டீஷியா தலையணைகளில் சாய்ந்திருந்தாள். புதிதாக வந்த வேலைக்காரப் பெண் தேநீர் வைத்துவிட்டுப் போனாள்.

"சபீனா போயிட்டா, தெரியுமா லெட்டீஷியா?"

"தெரியும். கஞ்சி உப்பில்லாம வந்துது. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்."

பியூலா பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். மதிலோரம், முட்செடி, கொடுத்த வார்த்தை, எல்லாம். "நீ ஒரு வார்த்தை சொன்னா இனோக் தட்டமாட்டான். 'அவ என் பக்கத்துல இருக்கட்டும்'னு சொல்லு, போதும்."

லெட்டீஷியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். நல்லவள்தான், கல்யாணமான நாளிலிருந்து ஒருவரிடமும் கத்திப் பேசாதவள். "சபீனா மாதிரி ஒருத்தி கெடைக்கமாட்டா, பியூலா. என்னைக் குழந்தை மாதிரி தூக்குவா. என் எச்சில் துணியெல்லாம் அவதான் தொவைப்பா, ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. ஆனா பக்கத்துல படுக்கறதுன்றது வேற இல்லையா? எனக்குத் தூக்கம் ரொம்ப லேசு. பக்கத்துல ஆள் இருந்தா வராது."

"அங்க தூங்கப் போறதில்ல லெட்டீஷியா."

"இருந்தாலும்." அவள் மெலிந்த கையை நீட்டிக் கிண்ணத்தைப் பியூலா பக்கம் தள்ளினாள். "தேநீர் ஆறுது பாரு. சர்க்கரை போட்டுக்கோ. சுத்தமான சர்க்கரைதான், நம்ம மரத்துல எடுத்தது. அடிமைங்க கைபடாதது."

அந்தச் சர்க்கரையைக் காய்ச்சியது சபீனா. பிப்ரவரிப் பனியில் வாளி வாளியாக மரத்துப் பாலைச் சுமந்து, புகையில் கண் எரிய, விடியவிடியக் கிண்டி எடுத்தவள் அவள். பியூலா கிண்ணத்தைத் தொடாமல் எழுந்து வந்தாள். வெளியே கிணற்றடியில் ஒன்றும் குடிக்காத வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்துத் துப்பினாள். கசப்பு போகவில்லை. அன்றோடு அவளுக்கும் சர்க்கரைக்கும் இருந்த உறவு முடிந்தது.

அந்த மாதக் கூட்டம் பெரிய கூட்டம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இருக்கும் பலகைத் தட்டியைத் தூக்கிவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அடிமைத்தனத்தை ஒழிக்கச் சொல்லி இனோக் எழுதிய அறிக்கையை ஏற்றுப் பிலடெல்பியாவில் இருந்த தலைமைக் கூட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அது நாட்டின் சட்டசபையான காங்கிரஸுக்குப் போகும். இனோக் எழுந்து வாசித்தார். ஒரே தகப்பனின் பிள்ளைகள், கறுத்த தோலுடைய நம் சகோதரர்கள், அவர்கள் கண்ணீர் நம் மேஜையில் சிந்தக் கூடாது. குரல் உடைந்தது. பெண்கள் பக்கம் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

"நண்பர்களுக்கு இதுல மனசு ஒப்புதா?" என்று ஏசா கேட்டார். "ஒப்புது," "எனக்கும் ஒப்புது" என்று அங்கங்கே குரல்கள் எழுந்தன. ஏசா பேனாவை மையில் தோய்த்தார்.

பியூலா எழுந்து நின்றாள்.

"எனக்கு மனசு ஒப்பல."

தரை கூட்டுகிற பியூலாவா என்று ஆண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"பியூலா மெண்டன்ஹால்," என்றார் ஏசா, "அடிமைத்தனம் சரின்னா சொல்றே?"

"இல்ல. காகிதத்துல இருக்கறதெல்லாம் உண்மை. மதிலோரம் கெடக்கறவளை உள்ள கொண்டுவந்து வெச்சிட்டு அதை அனுப்புங்க. அதுவரைக்கும் எனக்கு ஒப்பல."

முன்வரிசையில் இனோக் மெல்ல எழுந்தார். முகத்தில் கோபமே இல்லை, இருந்திருந்தால் பியூலாவுக்குத் தெம்பாக இருந்திருக்கும். "நம்ம சகோதரி துக்கத்துல இருக்கா. நாமெல்லாம் அவளை அன்போட தாங்கிக்கணும்," என்றார்.

"அப்படியே," என்றன குரல்கள்.

ஏசா கொஞ்சநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, பேனாவை எடுத்து, கூட்டத்தின் மனம் ஒன்றுபட்டது என்று எழுதினார்.

"எழுதாதே!" பியூலாவுக்குக் குரல் கிறீச்சிட்டது. "ஒருத்தருக்கு மனசு ஒப்பலன்னு ஒன்பது வருஷம் சபீனாவை வெளியில நிறுத்தினீங்க. இப்ப எனக்கு ஒப்பல. நானும் ஒருத்திதானே?"

"சில நண்பர்களோட மனசுக்குக் கனம் அதிகம், பியூலா," என்றார் ஏசா. சங்கடத்தோடுதான் சொன்னார். இனோக் மடியில் இருந்த அறிக்கையை நேராக மடித்து வைத்துக்கொண்டார்.

வெளியே வரும்போது ஒரு இளம்பெண் வழிமறித்தாள். கன்னம் சிவந்திருந்தது. "ஒரு குழிக்காக லட்சக்கணக்கான பேரோட விடுதலையைத் தடுக்கப் பாத்தியே, வெக்கமா இல்ல உனக்கு?" என்றாள். அந்தக் கேள்வி பியூலாவைக் குத்தத்தான் செய்தது. அந்தப் பெண்ணும் ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவை சபீனா சுட்ட அந்த ஆப்பிள் பையைத் தின்றவள் என்பது வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

பனி உருகுவதற்குள் லெட்டீஷியாவும் போய்விட்டாள். பியூலா குளிப்பாட்டப் போனாள். செத்தவளிடம் என்ன கோபம். துடைப்பதற்காக உடம்பைப் புரட்டினாள். பல வருஷம் படுக்கையில் கிடந்த முதுகு. அப்படிப்பட்ட முதுகுகளை அவள் பார்த்திருக்கிறாள். எலும்பு தெரியப் புண் வைத்து நாறும். லெட்டீஷியாவின் முதுகில் ஒரு புண் இல்லை. கடைசிச் சில வாரத்தில் வந்த ஒரே ஒரு சிவந்த திட்டு, அவ்வளவுதான். சபீனா அவளை எத்தனை ஆயிரம் தடவை புரட்டிப் படுக்கவைத்து எண்ணெய் தடவியிருக்க வேண்டும்! பியூலா ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது.

கூலியாள் குழி வெட்ட வந்தவன், விஷயம் தெரிந்தவன், மெதுவாகக் காதில் சொன்னான்: "கொஞ்சம் ஆழமா வெட்டறேன். சபீனாவைக் கொண்டுவந்து அடியில வெச்சிடுவோம், மேல இவ. யாருக்குத் தெரியப் போவுது?"

பியூலாவுக்கு ஒரு நொடி ஆசை வந்தது. "வேண்டாம்," என்றாள். "செத்தும் இவளை அவ சுமக்கணுமா?"

சபீனாவுக்குச் சேர வேண்டிய இடத்தில், முளைக்குச்சி அடித்த அதே இடத்தில், லெட்டீஷியாவுக்குக் குழி வெட்டினார்கள்.

அடக்கத்துக்கு முன் கூட்ட வீட்டில் மௌனமாக உட்கார்ந்திருந்தபோது இனோக் முழங்காலிட்டு ஜெபிக்கத் தொடங்கினார். குவேக்கர் ராஜாவுக்கும் தொப்பியைக் கழற்றமாட்டான். ஆனால் ஒருவர் முழங்காலிட்டு ஜெபித்தால் ஆண்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு எழ வேண்டும், பெண்களும் எழ வேண்டும். எழாமல் உட்கார்ந்திருந்தால், உன் ஜெபத்தில் சத்தியம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம். பலகைகள் முனகின. எல்லோரும் எழுந்தார்கள். பியூலா உட்கார்ந்திருந்தாள்.

இனோக் நன்றாகத்தான் ஜெபித்தார். மரணத்தில் எங்களைச் சமமாக்குகிறவரே என்றார். பியூலாவுக்கு வாய் முழுக்க உமிழ்நீர் ஊறியது, வாந்திக்கு முன் ஊறுமே, அப்படி. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் அழுகிறார், நெஞ்சு இரங்க வேண்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். இரங்கவில்லை. முன்னால் நின்றவர்களின் சாம்பல்நிற முதுகுகளைப் பார்த்துக்கொண்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, ஜெபம் முடியும்வரை உட்கார்ந்தே இருந்தாள்.

அந்த வாரமே ஏசா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். அன்போடு கண்டிப்பதற்கு. மூன்று பேரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

"இனோக் ஜெபிச்சப்ப நீ எந்திரிக்கல, பியூலா."

"ஆமா."

"உனக்கு முழங்கால் வலி உண்டே," என்றாள் ஒருத்தி. "அன்னிக்குக் குளிர் வேற."

பியூலாவுக்கு முதலில் புரியவில்லை.

"கால் வலியில எந்திரிக்க முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா இதோட முடிஞ்சுடும்," என்றார் ஏசா. "நானே கூட்டத்துல சொல்லிடறேன். வீட்டுக்கும் ஒரு கெடுதலும் வராது."

கோர்ட்டில் சத்தியம் செய்யச் சொன்னால், எங்கள் வாயில் எப்போதும் உண்மைதான், சத்தியம் எதற்கு என்று சிறைக்குப் போன பரம்பரை இது. சந்தையில் ஆட்டின் வயதைக் கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லாதவர்கள். மூன்று பேரும் அவள் ஒரு சின்னப் பொய் சொல்லிவிடமாட்டாளா என்று ஆவலோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பியூலா ஏசாவின் முகத்தைப் பார்த்தாள், அந்தப் பெண்களைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அருவருப்பும் வந்தது, இரண்டில் எது முந்தும் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கால் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு. உன்னை நீக்கி வைக்கறதைத் தவிர எங்களுக்கு வேற வழி இருக்காது."

"நீக்கி வெச்சவங்க செத்தா எங்க பொதைப்பீங்க, ஏசா?"

இடுகாட்டைப் பார்த்துக்கொண்டவள் அவள். அவளுக்குத் தெரியாததா? ஏசா தன் தொப்பியின் ஓரத்தைத் தடவினார்.

"மதிலோரம்," என்றார்.

"வாய் மாறமாட்டீங்களே?"

"மாறமாட்டோம்."

"அப்ப நீக்கிடுங்க," என்று சொல்லிவிட்டுப் பியூலா எழுந்து அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

நீக்கினார்கள். வீடும் போயிற்று. கிராமத்தின் கடைசியில் ஒரு நெசவுக்கார விதவையோடு அறை எடுத்துக்கொண்டு, துணி தைத்துக் காலம் தள்ளலாம் என்று மூட்டையைக் கட்டினாள். ஆனால் அங்கே போவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. மலையேறி ரூபனின் காளவாய்க்குப் போனாள். அவர் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இவ்வளவு தூரம்?"

"என்னை நீக்கிட்டாங்க, ரூபன்."

"கேள்விப்பட்டேன். அதுக்கு என்கிட்ட நன்றி கின்றி எதிர்பாக்கறீங்களா?"

"இல்ல. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இனிமே நான் செத்தா மதிலோரம்தான். அவளுக்கு அடுத்த எடம். வரிசைக்கு அவளைக் கொண்டு வரேன்னு சொன்னேன், முடியல. சரி, வரிசையை அங்க கொண்டு போறேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஆனா சபீனாவோட ஆளுங்க யாரையும் இவங்க ஒரு வார்த்தை கேக்கல. எங்க வைக்கறது, யார் பக்கத்துல வைக்கறதுன்னு. அதான் கேக்கறேன். நான் அவ பக்கத்துல படுத்தா உனக்குச் சம்மதமா? மாட்டேன்னா இப்பவே சொல்லிடு, வேற எடம் பாத்துக்கறேன்."

ரூபன் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். தழும்பேறிய கையைச் சட்டையில் துடைத்தார். பியூலா காத்திருந்தாள், மௌனமாகக் காத்திருக்க அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்.

"அவ குறட்டை விடுவா," என்றார் கடைசியில். "சின்ன வயசுல நாங்க ஒரே பாயில படுப்போம். காது கிழிஞ்சுடும்."

"பரவால்ல. எனக்கு அசந்த தூக்கம்."

"அப்ப சரி." அவர் மறுபடி குனிந்து கல்லை எடுத்தார். "நல்லா இடிச்சுக்கிட்டுப் படு, பியூலா. நடுவுல எடம் விட்டேன்னு தெரிஞ்சுது, நான் வந்து ஒன்னை எழுப்புவேன்."